பாதீட்டில் எங்கள் சங்கங்களுக்கும் ஓர் இடம்: மலையகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா தொடங்கி பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, ரத்தொட்டை வரை, தேயிலைத் தோட்ட மக்களின் வாக்கும் சேர்ந்து அமைந்த எல்லாப் பிரதேச சபைகளுக்கும் இதை எழுதுகிறேன். 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்கு முன் பாதை, தண்ணீர், தெருவிளக்கு என்று நிறையப் பேசினீர்கள். அவை எல்லாம் வேண்டும்தான். ஆனால் எங்கள் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் இலாபம் பாராமல் இயங்கும் சங்கங்களைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. விழா என்றால் அவற்றை அழைக்கிறீர்கள். வெள்ளம், மண்சரிவு என்றால் தேடுகிறீர்கள். சபையின் ஆண்டு வரவு செலவுத் திட்டமான பாதீடு தயாராகும் மாதங்களில் மட்டும் அவை யாருடைய நினைவிலும் இல்லை.

சிறு சங்கங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை வவுச்சர் வவுச்சராகப் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

இலாப நோக்கற்ற நிறுவனம் என்றதும் பலருக்கும் கொழும்பிலிருந்து வரும் ஜீப் வண்டியும் அதன் கதவில் ஒட்டிய சின்னமும்தான் ஞாபகத்துக்கு வரும். அதுவும் ஒரு வகைதான். நான் சொல்வது இன்னும் விரிந்தது. தோட்டத்து மரணாதாரச் சங்கம், மாதர் சங்கம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், பால் சங்கம், கோயில் பரிபாலன சபை, முன்பள்ளிப் பெற்றோர் குழு, ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு வாடகை அறையில் நான்கைந்து பேரோடு இயங்கும் சிறு தொண்டு நிறுவனம், எல்லாமே இதில் அடங்கும். சில சட்டப்படி பதிவானவை, சிலவற்றுக்கு ஒரு கொப்பியும் ஒரு பூட்டுப் பெட்டியும்தான் சொத்து.

இவை செய்வது தருமம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில், சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குள் கூடாரம் வரும், கதிரை வரும், பெட்டிக்குச் சொல்லியனுப்புவார்கள், வந்தவர்களுக்குத் தேநீரும் சாப்பாடும் தயாராகும். வீட்டுக்காரர் அழுதுகொண்டிருக்கலாம், கடனுக்கு அலைய வேண்டியதில்லை. 300 குடும்பங்கள் மாதம் 100 ரூபா சந்தா கட்டும் சங்கத்துக்கு மாதத்துக்கு 30,000 ரூபா சேரும். எந்தக் காப்புறுதிக் கம்பனியும் எட்டிப் பார்க்காத இடத்தில் நடக்கும் காப்புறுதி இது. அந்தச் சங்கம் இல்லாத தோட்டத்தில் அதே குடும்பம் மறுநாள் காலையில் நகைக்கடையில் அடகுச் சீட்டோடு நிற்கும். அந்த அடகை மீட்க மாதக்கணக்கில் சம்பளத்திலிருந்து போகும் வட்டி, பிள்ளையின் கொப்பிக்கும் வீட்டின் பருப்புக்கும் போயிருக்க வேண்டிய காசு.

முன்பள்ளியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தாய் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் பேர் போட வேண்டுமானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவம் மூடிக்கிடந்தால், முன்பள்ளி ஆசிரியை கொடுப்பனவு கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டால், முதலில் இல்லாமல் போவது அந்தத் தாயின் நாட்சம்பளம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் பாருங்கள். 20 தாய்மார் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்தத் தோட்டத்துக்குள் வராமல் போவது 27,000 ரூபா. மலையகத்தில் எத்தனையோ முன்பள்ளிகளைத் தேவாலயங்களும் சிறு நிறுவனங்களும் பெற்றோர் குழுக்களும்தான் தூக்கி நிறுத்துகின்றன. அந்த ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் கொடுப்பனவைக் கேட்டால் உங்களுக்கே மனம் கஷ்டப்படும். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை போராடிய சமூகம் நாங்கள். அந்தச் சம்பளத்தைக் கைக்கு வரவிடும் ஏற்பாடுகளையும் அதே கவனத்தோடு காப்பாற்ற வேண்டாமா?

அடுத்தது கடன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நுண்கடன் கம்பனிகள் தோட்டங்களுக்குள் வந்தபோது அவர்கள் நம்பியது பெண்களின் ஒற்றுமையை. ஐந்தாறு பேரைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்தார்கள். அந்த ஒற்றுமை மாதர் சங்கங்களும் கோயில் கூட்டங்களும் வருடக்கணக்காக வளர்த்தது. அதைப் பயன்படுத்தி வசூலித்த வட்டி மலையை விட்டு வெளியே போனது. வட்டிக்கு 35 சதவீதம் என்று மத்திய வங்கி 2018 இல் உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 35 சதவீதம் என்பதே ஒரு லட்சம் ரூபா ஆண்டு முழுவதும் நிலுவையில் நின்றால் 35,000 ரூபா.

சரி, இன்னொரு கணக்கு. 25 பெண்கள் வாரம் 200 ரூபா சேமித்தால் ஓராண்டில் 260,000 ரூபா சேரும். அதைத் தங்களுக்குள்ளேயே சிறு வட்டிக்குச் சுழற்றினால் வட்டியும் அவர்களுடையது. ஆட்டுக்கோ மாட்டுக்கோ பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கோ அந்தக் காசு உதவும். ஆண்டு முடிவில் பங்கு பிரிக்கும்போது அது அந்த ஊர்க் கடையில்தான் செலவாகும். இந்த வழி எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1906 இல் உருவானது இதே மலைநாட்டில், கண்டிக்கு அருகே தும்பறையில். 1978 இல் சணச என்ற சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்க இயக்கமாக அந்த மரபு கேகாலைப் பக்கத்திலிருந்து மறுபடி எழுந்தது. பக்கத்துக் கிராமங்கள் சேமிப்புச் சங்கம் வைத்துத் தலைநிமிர்ந்த காலத்தில் தோட்ட மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. 1948 இல் பறித்ததை முழுமையாகச் சரிசெய்யும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் கிராமத்துக்குக் கிடைத்த சங்க அனுபவமும் சட்ட அந்தஸ்தும் தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. இன்று எங்கள் சங்கங்கள் பலவீனமாக இருப்பதைப் பார்த்து, மக்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

உங்கள் சபைகளின் கதையும் இதே மாதிரியானதுதான். பிரதேச சபைச் சட்டம் 1987 இல் வந்தது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டியே தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று எத்தனை ஆண்டுகள் சொன்னார்கள்! எங்கள் வாக்கு வேண்டும், எங்கள் லயத்து வாசலுக்கு ஒரு கூடை கல் போட அதிகாரம் இல்லை. 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தலா இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் மும்மூன்றாகப் பிரிந்து அதே ஆண்டுத் தேர்தலைச் சந்தித்ததும் ஒரு நீண்ட கோரிக்கையின் பலன்தான். ஆக, அதிகாரம் வந்துவிட்டது. அந்த அதிகாரத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களிடம் போதிய ஆட்கள் இல்லை. ஆட்கள் எங்கள் சங்கங்களில் இருக்கிறார்கள்.

சங்கங்களுக்கு என்னதான் கஷ்டம் என்று கேட்பீர்கள். முதல் கஷ்டம் முகவரி. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் வர வேண்டும். சங்கத்துக்கு வங்கிக் கணக்கு திறக்கப் போனால் முகவரிக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். கூட்டம் நடத்த ஓர் அறை வேண்டும் என்றால் நிலம் அரசுடையது, 1992 இலிருந்து கம்பனிகளின் கையில் நீண்ட குத்தகையில் இருக்கிறது. ஆகவே நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நல்ல மனேஜர் இருந்தால் அனுமதி கிடைக்கும், அவர் மாறிப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியும் பதிவேடும் செயலாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். மழை ஒழுகினால் பதிவேடும் நனையும். பதிவுப் படிவங்களோ பல அலுவலகங்களில் சிங்களத்தில்தான் கிடைக்கின்றன.

இரண்டாவது கஷ்டம் திட்டக் காசு. வெளியிலிருந்து வரும் உதவிக்கு நன்றி மறந்து பேச மாட்டேன். 1972 இல் பிதா போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதய போன்ற அமைப்புகள், எங்களுக்கு நாடே இல்லை என்ற காலத்தில் எங்கள் பக்கம் நின்றன. ஆனால் இப்போது வரும் திட்டங்களில் பெரும்பாலானவை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆயுள் கொண்டவை. பயிற்சிக்குக் காசு இருக்கும், பெனருக்கு இருக்கும், வாகனத்துக்கு இருக்கும். கணக்காளருக்கும் அலுவலக வாடகைக்கும் இருக்காது, இருந்தாலும் கஞ்சத்தனமாக இருக்கும். பிறகு பன்னிரண்டு மாதத்தில் நாற்பது பெண்கள் தையல் படித்தார்கள் என்று அறிக்கை போகும். அந்த நாற்பது பேரும் தைத்ததை எங்கே விற்பது என்ற கேள்வி வரும்போது திட்டம் முடிந்திருக்கும். பயிற்சி பெற்ற நல்ல இளைஞர்களும் அடுத்த வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருப்பார்கள். இன்னொரு நிறுவனம் வரும், மறுபடி தையல், மறுபடி காளான். கணக்கு எழுதும் எனக்கு இதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வவுச்சர்களில் மலையகத்துக்குள் தங்கிய காசு எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். பயிற்சி நாளின் மதியச் சாப்பாட்டுப் பார்சல்கூட டவுன் ஹோட்டலில் வாங்கியதாக இருக்கும், அதே தோட்டத்தில் சமைக்கத் தெரிந்த பத்துப் பெண்கள் சும்மா இருக்கும்போது.

வரி, பதிவுச் சட்டம் பற்றியெல்லாம் உங்களிடம் நீட்டி முழக்க மாட்டேன், அவை உங்கள் கையில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களைக் கண்காணிக்கும் வேலையிலேயே அரசின் கவனம் அதிகம் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு வரும் நன்கொடையில் 3 சதவீதத்தை இலாபமாகக் கருதி அதன்மேல் வரி கேட்கிறது. இவற்றைப் பாராளுமன்றத்தில் இருக்கும் உங்கள் கட்சிக்காரர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், அது போதும்.

உங்கள் கையில் இருப்பவைதான் எனக்கு முக்கியம்.

சனசமூக நிலையங்களைப் பதிவு செய்வது உங்கள் சபையின் வேலை. அந்தப் பதிவைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோங்கள். உத்தியோகத்தர் ஒருவர் தமிழ்ப் படிவத்தோடு சனி ஞாயிறில் வரட்டும், அன்றுதான் மக்கள் வீட்டில் இருப்பார்கள். பதிவான சங்கத்துக்குச் சபையின் உப அலுவலகத்தையோ நூலகத்தையோ கடித முகவரியாகப் பயன்படுத்த அனுமதி கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. அந்த ஒரு முகவரியால் வங்கிக் கணக்கு திறக்கும், கணக்கு திறந்தால் உதவி நேராக வரும், நடுவில் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு இரும்பு அலுமாரி வைத்தால் ஊர்ச் சங்கங்களின் பதிவேடுகள் அனைத்தும் நனையாமல் இருக்கும்.

அப்புறம் வேலைகள். சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளுக்கு நேரடியாக ஒப்படைக்க அரசின் பெறுகை (கொள்முதல்) விதிகளில் நெடுங்காலமாக இடமுண்டு. கிராமங்களில் கொங்கிரீட் பாதை, கான், மதகு எல்லாம் அப்படி ஊர்ச் சங்கங்களே போட்டவை ஏராளம். தோட்டத்தில் அதே வேலைக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து கொந்தராத்துக்காரர் வருகிறார், கூலியாட்களையும் அவரே கூட்டிவருகிறார். எங்கள் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வீடு கட்டிய அனுபவமே இருக்கிறது. தோட்டத்து இளைஞர்களில் எத்தனை மேசன்கள் கொழும்பில் மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? படிக்கட்டும் கானும் போடும் வேலையைச் சங்கத்துக்குக் கொடுத்தால் கூலி தோட்டத்துக்குள் நிற்கும், வேலையும் உறுதியாக இருக்கும். தன் பிள்ளை நடக்கும் படியில் யாரும் சீமெந்தைக் குறைக்க மாட்டார்கள்.

உங்கள் வாராந்தச் சந்தையில் மாதர் சங்கங்களுக்கு வாடகை குறைத்து இரண்டு மூன்று இடங்கள் ஒதுக்குங்கள். லயத்துப் பின்பக்கத் தோட்டத்து லீக்ஸும் கோவாவும் நாட்டுக்கோழி முட்டையும் இன்று லொறிக்காரர் சொன்ன விலைக்குப் போகின்றன. சபையின் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் சாப்பாடு, தைத்த சீருடை, பூமாலை எதை வாங்கினாலும் முதலில் சங்கங்களிடம் கேளுங்கள். சிறு தொகைதான், ஆனால் நிச்சயமான வாடிக்கை. தையல் படித்த அந்த நாற்பது பெண்களுக்கும் இதுவரை கிடைக்காதது அதுதான்.

முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சபையின் நிதியிலிருந்து மாதக் கொடுப்பனவில் ஒரு பங்கை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரேயடியாக முடியாது என்றால் எட்டாத தூரத்தில் உள்ள டிவிஷன்களில், அதாவது தோட்டப் பிரிவுகளில், தொடங்குங்கள்.

சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தைச் சங்கப் பெண்களுக்குக் கொடுங்கள். வெளி நிறுவனம் ஒன்று உங்கள் பிரதேசத்தில் திட்டம் தொடங்க வந்தால் அந்தக் குழுவின் முன் வந்து அமரட்டும். யாருக்கு, எத்தனை மாதத்துக்கு, முடிந்த பிறகு யார் பொறுப்பு, பொருட்களை எங்கே வாங்குவீர்கள் என்று தமிழில் கேளுங்கள். இதைக் கேட்கும் தகுதி தேர்ந்தெடுக்கப்பட்ட உங்களுக்கு இருக்கிறது. மத்திய மாகாண சபையும் ஊவா மாகாண சபையும் கலைந்து ஆண்டுகள் பல ஆகியும் தேர்தல் நடக்கவில்லை. கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயமாக இருந்தும், எங்கள் சங்கங்களுக்காக அங்கே பேச மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. மக்களுக்கு எட்டும் தூரத்தில் மிஞ்சியிருப்பது உங்கள் சபை மட்டுமே.

ஒரு வேண்டுகோளைக் கொஞ்சம் கடுமையாகவே வைக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சங்கங்களைக் கட்சிக் கிளைகளாக்காதீர்கள். தொழிற்சங்கத் தலைவர் சொன்னவர்தான் பொருளாளர், அவர் மாறினால் பொருளாளரும் மாற வேண்டும் என்ற நிலையில் எத்தனையோ நல்ல சங்கங்கள் உடைந்துவிட்டன. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த டிவிஷனின் சங்கத்துக்கும் அதே படிவம், அதே நாள், அதே தொகை என்று இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கப் போவதில்லை. பத்து வருடமாகப் பொதுக்கூட்டம் நடக்காத சங்கங்கள் இருக்கின்றன. ஒரே ஆள் தலைவரும் பொருளாளருமாக இருக்கும் இடங்களும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் சந்தா கட்ட, ஆண்கள் மட்டும் நிர்வாகத்தில் உட்காரும் வழக்கமும் மாறவில்லை. இவற்றைத் திருத்த உங்களாலும் உதவ முடியும். சபையின் உதவி கிடைக்க வேண்டுமானால் ஆண்டுக் கணக்கைத் தமிழில் எழுதிக் கோயில் சுவரிலோ பெரட்டுக் களத்திலோ ஒட்ட வேண்டும், நிர்வாகத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். நாங்கள் அதை வரவேற்போம். கணக்கு எழுதத் தெரியாதவர்களுக்கு உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்த தோட்டத்துப் பிள்ளைகளைப் பழக்கிவிடலாம். அவர்களுக்குச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சிறு மாதக் கொடுப்பனவு கொடுத்தால் அதுவும் ஒரு தொழில்தான். அந்தப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

மண்சரிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தையே புரட்டிப்போட்டதையும் நாம் பார்த்தோம். பாதைகள் அறுந்த நாட்களில் பக்கத்து லயத்து இளைஞர்களும் கோயில் சபைகளும் மாதர் சங்கங்களும்தான் முதல் சோற்றுக்கு அடுப்பு மூட்டினார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்ற விவரம் அவர்களிடம்தான் இருந்தது. நிவாரணப் பட்டியல் தயாரானபோது அந்தச் சங்கங்களிடம் எத்தனை இடத்தில் கேட்டார்கள்? மீள்குடியேற்றம் பற்றிப் பேசும் இந்தக் காலத்திலாவது, புது வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு வரைபடம் போடும்போதே சங்கத்துக்கு ஓர் அறையும் முன்பள்ளிக்கு ஒரு துண்டு நிலமும் அதில் இருக்கட்டும். வீடு மட்டும் கட்டிக் கொடுத்து, பழைய இடத்தின் சங்கங்களைச் சிதறவிட்டால் மக்கள் மறுபடியும் அடகுக் கடையிலிருந்துதான் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டுப் பாதீட்டு வரைவு எழுதத் தொடங்கும் முன், உங்கள் பிரதேசத்தின் சங்கப் பிரதிநிதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்துக்கு அழையுங்கள். திகதியை ஒரு மாதத்துக்கு முன்பே தோட்டங்களுக்கு அறிவித்தால் பதிவேடுகளோடு வருவார்கள். எந்தெந்தத் தோட்டத்தில் என்னென்ன சங்கம் இருக்கிறது, எவ்வளவு சந்தா சேர்கிறது, எதற்குச் செலவாகிறது என்று எனக்குத் தெரிந்தவற்றைத் தொகுத்து ஒவ்வொரு சபைக்கும் ஒரு பிரதி தருகிறேன். விடுபட்டவற்றை அன்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

ஹட்டனிலிருந்து
சங்கங்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்